எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், தலை மட்டும் வலிக்கிறது

லேபில் வேலை பார்ப்பவர்களுக்குத் தலைவலி வந்தால் ஒரு வசதி உண்டு, எல்லா டெஸ்டையும் காசில்லாமல் பார்த்துவிடலாம். முதலில் பி.பி., அப்புறம் ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு, சில பேர் கொலஸ்ட்ரால் வரைக்கும் போவார்கள், எல்லாம் நார்மல் என்று வந்ததும் "சரி, பித்தமா இருக்கும்" என்று ஒரு எலுமிச்சம்பழ ஜூஸைக் குடித்துவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவோம். அந்த உட்காருவதில்தான் வலியே இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கும்பகோணம் பக்கம், மன்னார்குடி பக்கம், இப்போது மயிலாடுதுறை பக்கம் என்று டெல்டாவிலேயே சுற்றிச் சுற்றி வேலை பார்த்தவள் நான். எந்த லேபுக்குப் போனாலும் மேஜை டிராயரைத் திறந்தால் ஒரு தைல பாட்டிலும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையும் கிடக்கும்.

வலி எங்கே என்று கேட்டால் எல்லோரும் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு கை பின்னால் போகும். காலையில் வரும்போது ஒன்றும் இருக்காது, பதினோரு மணி வாக்கில் மண்டையும் கழுத்தும் சேருகிற பிடரிக் குழியில் ஒரு இறுக்கம், மத்தியானத்துக்குள் அது காதுக்குப் பின்னால் ஏறி ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கழுத்தைத் திருப்பினால் கூடும். ஞாயிற்றுக்கிழமை இருக்காது, அல்லது குறைவாக இருக்கும். ஒரு பக்கமாக வலிக்கிறதே என்று இதற்கு ஒற்றைத் தலைவலி என்று நாமே பெயர் வைத்துக்கொள்கிறோம். மருத்துவத்தில் இதைத் தனியாகப் பிரித்து செர்விகோஜெனிக் தலைவலி என்கிறார்கள், கழுத்திலிருந்து கிளம்பி வருகிற தலைவலி என்று வைத்துக்கொள்ளலாம்.

கழுத்தில் இருக்கிற கோளாறு கண்ணுக்குப் பின்னால் எப்படி வலிக்கும்? கழுத்தில் மேலே இருந்து கிளம்புகிற முதல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற ட்ரைஜெமினல் நரம்பும், தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து மூளைக்குப் போகிற செய்தி ஒன்றுதான், அது பிடரியிலிருந்து வந்ததா நெற்றியிலிருந்து வந்ததா என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. அதனால் பிடரிக்குக் கீழே இருக்கிற சின்னத் தசைகள் இறுகினால் புருவம் வலிக்கும். நாமும் புருவத்தில் தைலம் தேய்ப்போம்.

இதைப் படித்துவிட்டு எல்லாத் தலைவலியும் கழுத்துதான் என்று முடிவு கட்ட வேண்டாம். மைக்ரேன், அதாவது நிஜமான ஒற்றைத் தலைவலி, உள்ளவர்களுக்கும் கழுத்து பிடித்துக்கொள்ளும், அது மைக்ரேனின் கூடவே வருகிற வேலை. விண்விண்ணென்று தெறிப்பது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் இருட்டறையைத் தேடுவது எல்லாம் இருந்தால் அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது டாக்டர். லேபில் வேலை பார்ப்பதால் நாம் டாக்டர் ஆகிவிடுவதில்லை (இதை எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை, அது வேறு கதை).

எங்கள் வேலைநாளைக் கழுத்தின் பக்கமிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். காலை ஆறரைக்கெல்லாம் ஃபாஸ்டிங் சாம்பிள் கொடுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்திருக்க நாம் நின்றபடி குனிந்து ஊசி குத்த ரத்த நரம்பு தேடுவோம், வயதான அம்மாக்களுக்கு நரம்பு கிடைக்காது, தடவித் தடவிப் பார்க்கிற அந்த நேரம் முழுக்கக் கழுத்து முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போய் எடுப்பதென்றால் இன்னும் மோசம், கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவர்கள் நம் முட்டி உயரத்தில் இருப்பார்கள். (முட்டி போட்டு உட்கார்ந்து எடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். "ஏம்மா கீழ உக்காருற" என்று வீட்டுக்காரர்கள் பதறுவார்கள், பதறட்டும்.) அப்புறம் பைப்பெட், சென்ட்ரிஃப்யூஜ், லேபிள் ஒட்டுவது, எல்லாமே கீழே பார்க்கிற வேலை. பத்து மணிக்கு மேல் ஸ்மியர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மத்தியானம் ரிப்போர்ட் டைப் அடிப்பது, அதுவும் முடிந்தால் போனில் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புவது, அதற்கும் குனிய வேண்டும். நடவு நடுகிற பெண்களுக்காவது வரப்பில் நிமிர்ந்து நின்று வெற்றிலை போட ஒரு நேரம் உண்டு.

மெஷின் வந்துவிட்டதே, செல் கவுண்ட்டர் எல்லாம் எண்ணிக் கொடுத்துவிடுமே, இன்னுமா மைக்ராஸ்கோப் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து டெல்டா முழுக்கக் காய்ச்சல் கிளம்பும்போது வந்து பாருங்கள். மெஷின் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுகிற தட்டணு) 40,000 என்று ரொம்பக் குறைவாகக் காட்டும். அதை அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டால் அந்தக் குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகத் தஞ்சாவூருக்கு வண்டி பிடித்துவிடும். சில பேருடைய ரத்தத்தில், ரத்தம் உறையாமல் இருக்க ட்யூபில் போட்டிருக்கிற இ.டி.டி.ஏ. என்கிற மருந்தால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷின் கட்டியை எண்ணாது, எண்ணிக்கை குறைவாக வரும். ஸ்மியர் போட்டு அதன் ஓரங்களைத் தேடிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதனால் மெஷின் எங்கே சந்தேகம் கிளப்புகிறதோ அங்கே எல்லாம் ஒரு மனிதக் கழுத்து குனிந்தாக வேண்டும்.

காசநோய்க்கான சளி ஸ்லைடு ஒன்றை நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன்னால் ஆயில் இம்மர்ஷனில் (ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பது) குறைந்தது 100 ஃபீல்டு, அதாவது ஒரு தடவைக்குக் கண்ணில் தெரிகிற வட்டம் நூறு, பார்க்க வேண்டும், மலேரியாவுக்கும் திக் ஸ்மியரில் (ரத்தத்தைத் தடிமனாகத் தடவியது) 100 ஃபீல்டு. பாசிட்டிவ் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்றுமே இல்லாத ஸ்லைடுதான் கழுத்தை வாங்கும். சளி ஸ்லைடு ஒருவர் ஒரு நாளைக்கு 25க்கு மேல் பார்க்கக்கூடாது என்று வழிகாட்டுதலே இருக்கிறது. கண் களைத்துப் போனால் கிருமியைத் தவறவிடுவோம் என்பதற்காகப் போட்ட வரம்பு அது, கழுத்துக்காக யாரும் போடவில்லை, ஆனாலும் கழுத்துக்கும் நல்லதுதான். கும்பகோணம் என்றால் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்தான் ஞாபகத்துக்கு வரும், அந்த நோயைக் கொண்டுவருகிற புழுவின் குட்டிகள் ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும் என்பதால் எட்டு மணிக்கு மேல் நள்ளிரவு வரை வீடு வீடாகப் போய் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அந்த வேலையில் இருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். ராத்திரி எடுத்ததைப் பகலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ரிட்டையர் ஆகிப் பல வருடம் கழித்தும் பக்கவாட்டில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார்.

சரி, குனிவதால் என்ன ஆகிறது? நேராக இருக்கும்போது நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும், பார்த்திருப்பீர்கள்: 15 டிகிரி குனிந்தால் 12 கிலோ, 30 டிகிரிக்கு 18, 60 டிகிரிக்கு 27 கிலோ பாரம் கழுத்தில் இறங்குகிறது என்று. 2014ல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு அது, உயிருள்ள ஆளின் கழுத்தில் கருவி வைத்து அளந்ததில்லை. அந்த எண்ணைப் பார்த்து பயப்படுவதில் பிரயோஜனம் கிடையாது. என் அனுபவத்தில் குனிவதைவிட அசையாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் தலையை ஒரு விரல்கடை நகர்த்தினாலும் படம் போய்விடும், அதனால் கழுத்தும் தோளும் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. போனைப் பார்ப்பவர் நடுவில் தலையைத் தூக்குவார், சொறிந்துகொள்வார், நமக்கு அதுவும் இல்லை.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம் வருவது அந்த மேடை மேல்தான். பெரும்பாலான லேப்களில் சமையல்கட்டு மேடை மாதிரியே கடப்பா கல்லோ கிரானைட்டோ போட்டு மூன்றடி உயரத்தில் கட்டியிருப்பார்கள். கீழே இடத்தை வீணாக்க வேண்டாம் என்று அலமாரி அடித்து கதவும் போட்டுவிடுவார்கள். இப்போது அந்த மேடைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள், முட்டியை எங்கே வைப்பது? கதவில் இடிக்கும். அதனால் ஒன்று பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும், இல்லை தள்ளி உட்கார்ந்து உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். அதோடு பிளக் பாயின்ட் சுவரில் இருக்கும், மைக்ராஸ்கோப் வயர் நீளமில்லை, அதனால் மைக்ராஸ்கோப்பும் சுவரோரமாகவே நிற்கும். இப்படி ஒரு கொத்தனாரும் ஒரு எலக்ட்ரீஷியனும் சேர்ந்து நம் கழுத்து எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டார்கள். லட்சக்கணக்கில் அனலைசர் வாங்கிப் போட்ட ஒரு ஓனரிடம் முதுகு சாய்கிற நாற்காலி கேட்டபோது "உக்காந்து தூங்குறதுக்கா" என்று சிரித்தார். இப்போது அங்கே நான் இல்லை.

மன்னார்குடி பக்கம் என்னோடு வேலை பார்த்த சீனியர் அண்ணன் ஒருவர்தான் எனக்கு இதையெல்லாம் சரி பண்ணக் காட்டிக்கொடுத்தார். ஒரு நாள் பழைய பேரேடு ரெண்டைக் கொண்டுவந்து என் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். "நீ ஐபீஸ்கிட்ட போகாதம்மா, ஐபீஸ் உன்கிட்ட வரட்டும்." ஐபீஸ் என்பது மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கிற பகுதி. முதுகு நேராக இருக்க, தாடை லேசாக மட்டும் இறங்கியிருக்க, கண் தானாக ஐபீஸில் போய்ச் சேர வேண்டும், அதுவரை அடியில் ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். பேரேடு ஆடும், அதனால் இப்போது நான் தச்சரிடம் சொல்லி அடித்த பலகை வைத்திருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி மைக்ராஸ்கோப்பை மேடையின் விளிம்புக்கு இழுத்தாயிற்று. சில மாடல்களில் ரெண்டு ஐபீஸ் குழாய்களையும் அப்படியே மேல்பக்கமாகச் சுழற்றிப் புரட்டிவிட்டால் கண் வைக்கிற உயரம் சில சென்டிமீட்டர் கூடும், பல பேருக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் மைக்ராஸ்கோப்பில் அது சுழலுகிறதா என்று பாருங்கள், சுழலாததை வலுக்கட்டாயமாகத் திருப்பி உடைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். முழங்கை அந்தரத்தில் தொங்கக்கூடாது, மடித்த துண்டு ஒன்றை அடியில் கொடுத்தாலே தோள் இறங்கும். ஸ்டூலை உயர்த்தினால் கால் தரையில் படாது, அதற்கு ஒரு பழைய ரீஏஜென்ட் பெட்டி போதும். கீழ் அலமாரிக் கதவைக் கழற்றிவிடலாம், நான்கு ஸ்க்ரூதான்.

கண் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரே மைக்ராஸ்கோப்பை மூன்று பேர் பயன்படுத்துகிற இடத்தில் முந்தைய ஷிப்ட்காரர் வைத்த அளவிலேயே அடுத்தவரும் பார்ப்பார். ரெண்டு ஐபீஸுக்கும் நடுவில் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். ரெண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரிகிற வரை அதைச் சரி செய்ய வேண்டும். அப்புறம், பெரும்பாலும் இடது ஐபீஸில் திருகுகிற வளையம் ஒன்று இருக்கும், அது ரெண்டு கண்ணின் பவர் வித்தியாசத்துக்காக வைத்தது. வலது கண்ணால் மட்டும் பார்த்து ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட் திருகில் (படத்தை நுணுக்கமாகத் தெளிவாக்குகிற திருகு) தெளிவாக்கிவிட்டு, அப்புறம் இடது கண்ணால் மட்டும் பார்த்து அந்த வளையத்தைத் திருகித் தெளிவாக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. செய்யாவிட்டால் ஒரு கண் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும், சாயங்காலம் வருகிற தலைவலியில் பாதி அதுவாகத்தான் இருக்கும். நாற்பது தாண்டி பைஃபோக்கல் போட்டவர்களுக்கு வேறு தொல்லை, கம்ப்யூட்டரைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க வேண்டி தாடையைத் தூக்கிக் கழுத்தை முன்னால் நீட்டுவார்கள், மைக்ராஸ்கோப்பில் குனிந்து மானிட்டரில் நிமிர்ந்து என்று பிடரிக்கு ரெண்டு பக்கமும் அடி. மானிட்டரைக் கொஞ்சம் கீழே இறக்கினாலே குறையும். கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று சொல்வார்கள். வெளியில் முப்பது பேர் காத்துக்கொண்டிருக்கும்போது அது நடக்காது. நான் பார்த்தவரை நடக்கக்கூடியது, ஒரு ஸ்லைடு முடிந்து அடுத்த ஸ்லைடு வைப்பதற்கு முன்னால் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக தூரத்தில் எதையாவது பார்ப்பது, தோளை ரெண்டு சுற்று சுற்றுவது. எல்லா ஸ்மியரையும் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் பார்க்காமல் நடுவில் மற்ற வேலையைச் செருகிக்கொள்வதும் உதவும். இன்னொன்று, ஃபாஸ்டிங் சாம்பிள் கொடுக்க வருகிறவர் மட்டுமா ஃபாஸ்டிங், எடுக்கிற நாமும் பத்தரை வரைக்கும் ஒரு காபியில்தான் ஓடுகிறோம். பெண்களாக இருந்தால் பாத்ரூம் வசதி இல்லை என்று தண்ணீரும் குடிப்பதில்லை. அந்தத் தலைவலியைப் பிடரி மேல் போட்டால் அது பாவம்.

பிசியோதெரபிக்கு நான் போனபோது அந்த மேடம் முதலில் கற்றுக்கொடுத்தது, நேராகப் பார்த்தபடியே தாடையைப் பின்னால் இழுப்பது, கீழே குனியாமல், ரெட்டைத் தாடை விழுகிற மாதிரி. ஐந்து நொடி வைத்து விட வேண்டும், பத்துத் தடவை. பார்க்க அசிங்கமாக இருக்கும், சாம்பிள் கொடுக்க வந்த குழந்தை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானும் செய்து காட்டியது. அதோடு தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது, படுத்தபடி தலையை லேசாக ஆமாம் போடுவது. இது ஏதோ ஒப்புக்குச் சொல்வதில்லை. கழுத்திலிருந்து வருகிற தலைவலி உள்ள 200 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து 2002ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் இந்த மாதிரி மெதுவான பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் தலைவலி குறைந்தே இருந்தது. வீட்டில் அம்மா கொடுக்கிற நொச்சி இலை ஒத்தடமும் அன்றைய இறுக்கத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தசைக்குப் பலம் கொடுப்பது பயிற்சிதான்.

எக்ஸ்ரே எடுத்தால் "தேய்மானம்" என்று வரும். நம் ஆட்கள் அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி நொந்துவிடுவார்கள், காலர் பட்டை வாங்கி மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு கழுத்துத் தசையை இன்னும் சோம்பேறி ஆக்குவார்கள். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை) புடைப்பு இருந்தது. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் எண்ணையும் ஆளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நாம்தானே மற்றவர்களுக்குச் சொல்கிறோம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். லேபுக்குப் பக்கத்திலேயே மருந்துக்கடை, தெரிந்த தம்பி, சீட்டு கேட்க மாட்டான், அதனால் நம் ஆட்கள் இதில் சுலபமாக விழுகிறார்கள். சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி சொடக்கு எடுப்பதும் வேண்டாம். கழுத்து எலும்புகளுக்குள்ளே மூளைக்கு ரத்தம் போகிற குழாய் ஓடுகிறது, அப்படித் திருப்பியதில் அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் இருபது ரூபாய் டிப்ஸுக்கு அந்த ஆபத்து எதற்கு.

திடீரென்று இடி விழுந்தது போல வருகிற தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை மரத்துப் போய் சிரிஞ்ச் நழுவுவது, நடை தள்ளாடுவது, பார்வை ரெண்டாகத் தெரிவது, அடிபட்ட பிறகு வருகிற வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கிற தலைவலி, இதற்கெல்லாம் பலகையும் துண்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நம் பக்கம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மாதத்துக்கு ஒரு லேபாவது புதிதாகத் திறக்கிறார்கள். அங்கே வேலைக்குச் சேரப் போகிறவர்கள், முடிந்தால் கல் பதிப்பதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மைக்ராஸ்கோப் வைக்கிற இடத்தில் மட்டும் மேடை உயரம் குறைத்து, கீழே அலமாரி இல்லாமல், பிளக் பாயின்ட்டை மேடையின் முன்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். கொத்தனார் கேட்டுக்கொள்வார், அவருக்கு இதில் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. கட்டி முடித்துத் திறப்பு விழா நடந்த பிறகு கேட்டால் கிடைப்பது பேரேடுதான்.